கிணறு வெட்டியவரின் பெயர்

மரவள்ளி அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் புளித்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி எட்டு வயதில் அப்பாவுடன் நடந்த மூன்று மைல் வழியில்தான் எங்கள் பூர்வீகத்தை முதன்முதலாகக் கேட்டேன். முள்ளுக்காடாய்க் கிடந்த இடத்துக்கு வண்டி கட்டி வந்த சில குடும்பங்கள் காடு திருத்தி உண்டாக்கிய ஊர், நாங்கள் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு முதல் கிணறு வெட்டப் போன அப்பாவின் முப்பாட்டன், பாறைக்கு வெடி வைத்தபோது சரிந்த கல்லுக்கடியில் சிக்கிச் செத்துப்போனார். அதில் ஊறிய தண்ணீரை அவர் குடிக்கவில்லை. சேலத்தில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, நடந்துகொண்டே அவர் பெயரை ஒருமுறை சொன்னார். ஊர்த் திருவிழாவான "நோம்பி"யில் முதல் குடிகளின் பேர்களை வாசிப்பார்கள், நம்முடையதும் வரும், கவனமாகக் கேள் என்றார்.

கோயில் வாசலில் வெயிலில் நின்று கேட்டோம். யார் மகன், யார் பேரன் என்று வரிசையாகப் பேர்கள் வந்தன. தேங்காயும் உடைத்துவிட்டார்கள். எங்களுடையது வரவில்லை. அப்பாவின் கையை உதறிவிட்டு, வாசித்த பெரியவரிடம் நானே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, என் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

"அவிய வெட்ட வந்தவிய, சாமி. ஊர் கட்ட வந்தவிய இல்ல."

"செரிங்க" என்றார் பின்னாலேயே வந்த அப்பா. குனிந்து இரண்டு கையாலும் பிரசாதத்தை வாங்கிக்கொண்டார். அந்தச் "செரிங்க"வை நான் மன்னிக்கவேயில்லை. வீட்டில் அம்மா ஆவலாகக் கேட்டபோது, பேரை வாசித்தார்கள் என்று சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அதன்பிறகு சாகும்வரை அந்தப் பெயரை அவர் எடுக்கவில்லை. பட்டறைக் கரியோடு வந்து எதிரே உட்கார்ந்திருப்பார்; நானும் கேட்டதில்லை.

போன சித்திரையில் தனியாகப் போனேன். கிணற்றில் மண்ணடித்து மூடி, மேலே கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். வாசலில் பளபளக்கும் கல்லில் அதே பேர்கள். அந்தப் பெரியவரின் பேரன்தான் இப்போது கோயில் கமிட்டியில் இருக்கிறார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, சண்டைக்குத் தயாராகப் போயிருந்த நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நியாயந்தான் என்றார். கல்லில் பேர்களுக்குக் கீழே இடமிருந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"போட்டுரலாங்கக்கா. பேரச் சொல்லுங்க."

எட்டு வயதில் ஒரேயொரு முறை கேட்ட பெயர், எனக்கு நினைவில்லை. அதைத் தெரிந்த கடைசி மனிதரோடு ஆயுசு முழுக்கக் கோபித்துக்கொண்டிருந்து, அந்தப் பெயரைத் தொலைத்தவள் நான்தான்.