மண்டைக்கு மாடி எடுத்தவன்

காலை ஏழரை இருக்கும். போனில் சேகரின் பெயர் வந்தது. எடுக்கவில்லை. எட்டு மாதமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் இருந்தவன் நான்தான். மறுபடியும் அடித்தது. ‘இவன் திருந்தவே மாட்டானா’ என்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன். மூன்றாம் முறையும் வெட்டினேன். அப்புறம் எங்களோடு வேலை பார்த்த ராமமூர்த்தி கூப்பிட்டான். “டேய் முருகேசா, அந்தப் பொண்ணு எத்தினி தபா போன் போடும்? சேகரு பூட்டான்டா. தூக்கத்துலயே.” முதலில் கூப்பிட்டது சேகர் இல்லை, அவன் மனைவி சரோஜா. புருஷன் போன சேதியைச் சொல்லக் கூப்பிட்டவளின் போனை மூன்று முறை எடுக்காமல் விட்டிருக்கிறேன். போகும்போதும் என் மானத்தை வாங்கிவிட்டுத்தான் போனான் பாவி.

அவனைத் தெரிந்தவர்களுக்கு அவன் கம்ப்யூட்டரையும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். செய்து வரும் உதிரிபாகத்தை அளந்து பார்ப்போம். அளவு சரியென்றால் பாஸ். சீவிச் சரிசெய்ய முடியுமென்றால் ரீவொர்க். முடியாதென்றால் ரிஜெக்ட். ஓய்வுபெற்ற பிறகு நாங்களெல்லாம் இதை மறந்துவிட்டு மனிதர்களாக வாழ ஆரம்பித்தோம். இவன் மட்டும் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, ஆறு மாதம் தட்டுத்தடுமாறி ஒரு புரோகிராம் எழுதினான். அன்றன்றைக்குத் தான் பேசியதையும், ஞாபகம் வந்த பழைய பேச்சையும் சாயங்காலம் அதில் அடிப்பான். அடித்ததைப் படித்துப் பார்ப்பான். பிறகு பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் என்று தனக்குத்தானே முத்திரை குத்திக்கொள்வான். வெள்ளானூரில் அவன் தெருவே வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. “எல்லாரும் ஊட்டுக்கு மாடி எடுக்கிறான் மச்சான், நான் மண்டைக்கு எடுக்கிறேன்” என்பான்.

எடுத்துவிட்டுப் போகட்டும், யார் கேட்டது? ரீவொர்க் என்று வந்தால் சம்பந்தப்பட்ட ஆளைத் தேடிப் போய் அந்தப் பேச்சைத் திரும்பப் பேசுவான் என்பதுதான் எங்கள் தலையெழுத்து. ஒருநாள் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இரண்டு கையிலும் பையோடு ஓடுகிறேன், வண்டி உள்ளே வந்துவிட்டது. குறுக்கே வந்து நிற்கிறான். “திங்கக்கெழம உன் புதுச் சட்டைய நல்லாக்கீதுன்னு சொல்லிட்டேன் மச்சான். மனசறிஞ்ச பொய்யி. உனக்கு எடுப்பா இல்ல.” சட்டையும் போச்சு, வண்டியும் போச்சு. அந்தச் சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தேன்.

எங்கள் பழைய ஃபோர்மேன் வீட்டுக்கும் போயிருக்கிறான். அவர் ஏதோ கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறான் என்று நினைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து இவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இவன் பத்து வருஷத்துக்கு முன்னால் லீவு கிடைக்காத ஆத்திரத்தில் அவரை வெளியில் என்னவெல்லாம் திட்டினான் என்று வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவருக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது! “ஏன்டா, உனக்குக் கிறுக்கா?” என்று தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டே வாரம். அதே ஃபோர்மேன் இவன் வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தன் பேச்சைத் தேடித்தேடி அடித்துக்கொண்டிருக்கிறார். அவர் மனைவியே வந்து சேகருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என்னையும் விடவில்லை. “பத்து நிமிசம் குந்து மச்சான். மனசு சொல்றத மனசே கேட்டா ஆமாம் சாமி போடும். நீ சொன்னது எழுத்தா எதிர்ல வந்து நின்னாத்தான் உன்ன மொறைக்கும்.” என்னை முறைக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது, மின்சாரம் வேறு தண்டம் எதற்கு என்பேன். கடைசிவரை உட்காரவில்லை.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது? பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நாங்கள் நாலைந்து பேர் காலையில் நடப்போம். அன்று நடந்துகொண்டே என் மகனைப் போனில் திட்டித் தீர்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை விட்டிருந்தான். நான் போனை வைத்ததும் சேகர் சொன்னான்: “இவ்ளோ நேரம் பேசினியே, அவன ஒரு கேள்வி கேட்டியா? எல்லாம் ஆர்டர் போட்டதாத்தான் கீது.” எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. “நீ ஒண்ணு பெத்திருந்தா உனக்குத் தெரியும்” என்றேன். சேகருக்கும் சரோஜாவுக்கும் பிள்ளை இல்லை. அதற்காக அவர்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். அவன் எங்களை விட்டுவிட்டுத் தனியாக இன்னொரு சுற்று நடந்தான்.

அதன் பிறகு மூன்று முறை என் வீட்டுக்கு வந்தான். முதல் தடவை, குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அடுத்த தடவை, தூங்குகிறேன் என்று. மூன்றாம் தடவை கதவுக்குப் பின்னாலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “செருப்பு வெளியதான் கீது மச்சான். பரவால்ல, அப்பாலிக்கா வரேன்” என்றான். நான் அசையவில்லை. வீம்பு என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் சரோஜா கூப்பிட்டாள். “அண்ணே, அவரு பொட்டில யாருகிட்டயாவது பேசாம வுட்டது எதுனா கீதான்னு பாருங்க. இருந்தா நான் போய் சொல்லிட்டு வரேன்.” வேறு வழியில்லாமல் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் முதல் முறையாக உட்கார்ந்தேன். நேராக அந்த ஏரிக்கரைத் தேதிக்குப் போனேன். ‘முருகேசனிடம் மகனைப் பற்றிச் சொன்னது சரி. எல்லோர் நடுவிலும் சொன்னது தப்பு. தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ரீவொர்க். மூன்று முறை போனேன். பார்க்க முடியவில்லை.’

அவ்வளவுதான். நான் சொன்னதைத் தேடினேன். முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளாகத் தேடினேன். எங்கும் இல்லை. அவனிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எழுத அந்தப் புரோகிராமில் இடமே வைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடேய், என்னை நாலு வரி திட்டி எழுதியிருந்தால் என்னடா? படித்துவிட்டு அழுதாவது தொலைத்திருப்பேனே!

“இன்னாண்ணே போட்டுக்கீது?” என்று சரோஜா சமையலறையிலிருந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சொன்னேன். அன்று சொன்ன அதே வார்த்தையை அவள் முன்னால் நின்று திரும்பச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். “அதான் அன்னிக்கு நாஷ்டா வோணாம்னுட்டாரு. வயிறு சரியில்லன்னாரு. நானும் ஓமத்தண்ணி வச்சிக் குடுத்தேன்” என்றாள். பிறகு, “அவரு வந்தப்ப கதவத் தொறந்திருக்கலாம் அண்ணே” என்றாள்.

கம்ப்யூட்டரை ஃபோர்மேனுக்குக் கொடுத்துவிட்டோம். என்னைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றேன். சேகரின் நினைவாக என்னிடம் இருப்பது, நான் சொல்லி, அவன் எங்கேயும் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி. அவனிடம் இருந்தவரை அது சரோஜாவுக்குக்கூடத் தெரியாமல் இருந்தது. இனி அதை நான்தான் வைத்திருக்க வேண்டும்.