மருவுக்கு வைத்த ஐஸ்

வலது கை ஆள்காட்டி விரலில், நகத்துக்குப் பக்கத்தில் அது வந்தது. முதலில் காய்ப்பு என்று நினைத்தேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்திக்கு மாவு பிசைகிற வேலை எனக்கு. கை காய்ப்பது புதிதில்லை. நாளாக ஆக மேலே சொரசொரவென்று காலிஃபிளவர் பூ மாதிரி விரிந்தது. அப்போதுதான் மரு என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும்.

பகல் ஷிப்டுக்குச் சாப்பாடு போட்டு முடிந்ததும் சமையல்கட்டுப் பெண்கள் எல்லாம் பின்பக்கம் ஒன்றாக உட்காருவோம். மிஞ்சிய சோறு, சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் ஒரே குண்டானில் பிசைந்து, உருண்டை பிடித்து ஒவ்வொருத்தி கையிலும் நான் வைப்பேன். யாரும் எனக்குச் சொன்ன வேலையில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் குன்றத்தூரில் குடித்தனம் இருக்கிறாள். என் கையால் இன்னொருவருக்குச் சோறு போடுகிற நேரம் எனக்கு அது ஒன்றுதான்.

ஒருநாள் காய் நறுக்குகிறவள் நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா அது வெரல்ல? மருவா? ஒட்டிக்குமே அது. எங்க நாத்தனாருக்கு ஒண்ணு வந்து கை பூரா பரவிச்சு."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் எல்லோரும் தனித்தனியாகத் தட்டு எடுத்து வந்தார்கள். கரண்டியால் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் என் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "கோவப்படாதீங்க பாட்டி. கை சரியாகுத வரைக்கும் மாவுல கை வைக்காண்டாம். பாத்திரம் கழுவுத பக்கம் இருங்க. டாக்டர்ட்ட காட்டி சரியாய்ட்டுன்னா திரும்ப வந்திரலாம்."

பாத்திரம் கழுவுகிற இடத்தில் கை எப்போதும் ஈரம். மரு பெரிதாகத்தான் ஆனது. பக்கத்து விரலிலும் சின்னதாக ஒன்று முளைத்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுகர் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"சாதாரண மருதாம்மா. ஒரு கிருமியால வருது. கேன்சர் அது இதுன்னு பயப்படாதீங்க. சும்மா விட்டாலும் சிலருக்குத் தானா போயிடும், எப்பன்னு சொல்ல முடியாது. மருந்து போட்டு மெதுவா கரைக்கலாம். கரண்ட் வெச்சு சுடலாம், அதுக்கு மரத்துப்போக ஊசி போடணும். இல்லேன்னா ஐஸ் வைக்கலாம். அது சில தடவை வைக்க வேண்டியிருக்கும்."

கரண்ட் என்றதுமே கையை இழுத்துக்கொண்டேன். "ஐஸே வெச்சுக்கறேம்மா" என்றேன். என்றைக்கு வைப்பது என்று வெளியே நர்ஸிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னாள். நர்ஸைச் சுற்றி ஒரே ஆம்பளைக் கூட்டம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஐஸ்தானே, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

என்னோடு பாத்திரம் கழுவுகிறவள் மறுநாள் விசாரித்தாள். "டாக்டரம்மா இன்னாக்கா சொன்னாங்கோ?"

"ஐஸ் வெக்கணுமாம்."

"யாருக்கு, சூப்பர்வைசருக்கா? அதத்தான் நீ வெக்க மாட்டேன்றியே! வெச்சிருந்தா எப்பவோ மாவுப் பக்கம் போயிருப்ப." சிரித்து முடித்துவிட்டு, "வல்லக்கோட்டை கோயிலுக்கு உப்பும் மெளகும் போட்றேன்னு வேண்டிக்கக்கா. உப்பு கரையற மாதிரி மருவும் கரைஞ்சிடும்" என்றாள்.

"நாங்க மாதா கோயில்ல போடுவோம்."

"எங்க போட்டா இன்னா, உப்பு உப்புதான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உப்பும் மிளகும் வைத்து வேண்டிக்கொண்டேன். ஒரு பிடி உப்பை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன். வரும் வழியில் மீன்காரம்மாவிடம் கொஞ்சம் ஐஸ் கேட்டேன். கவரில் அள்ளிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மருவின் மேல் கோயில் உப்பை வைத்து, அதன்மேல் ஐஸை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினேன். சாமியும் டாக்டரும் சேர்ந்து செய்தால் சீக்கிரம் போகும் என்று நம்பினேன். விரல் நெருப்பாக எரிந்தது. மரு சாகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு செபமாலை சொன்னேன். பிறகு எரிச்சல் நின்று விரல் மரத்துப்போனது. அவிழ்த்துப் பார்த்தால் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மறுநாள் பெரிய கொப்புளம்.

மகள் வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஏம்மா, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா இன்னா? கேட்டா கொறஞ்சா பூடுவ?" அவளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் சிரிப்பாளோ என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐஸ்னு சொன்னது நான்தாம்மா. அது இந்த ஐஸ் இல்ல. ஃபிளாஸ்க்ல வர்ற மருந்து, புகையா வரும். மரு மேல மட்டும் கொஞ்ச நேரம் நாங்களே வைப்போம். உப்பையும் ஐஸையும் சேர்த்துக் கட்டினா தோல் வெந்துடும்."

கொப்புளம் ஆறும்வரை எதுவும் வேண்டாம், பிறகு மருந்து போடலாம் என்றாள். வெந்நீரில் விரலை ஊறவைத்து, செத்த தோலை நகம் தேய்க்கிற அரத்தால் லேசாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த அரத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. வாசலின் தடவி, மருந்து ஒரு சொட்டு வைத்து, பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். புண்ணானால் நிறுத்திவிட்டு வரச் சொன்னாள். நான் எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். "வாசலின் மரு மேலயா, சுத்தியாம்மா?" "சுத்தி இருக்கற நல்ல தோல்ல. மருந்துதான் மரு மேல." இன்னொரு தடவையும் கேட்டேன். இன்னொரு தடவையும் சொன்னாள்.

கையுறை போட்டுப் பாத்திரம் கழுவினேன். மழைக்காலம் முழுக்க அந்த மருந்துதான். சின்னது முதலில் போனது. பெரியது அடுக்கடுக்காக உரிந்து, ஒருநாள் அந்த இடத்தில் விரல் ரேகை தெரிந்தது. மாதாவா மருந்தா என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எனக்கு மாவு மேசைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் பார்த்துச் சரி என்றதும் சூப்பர்வைசர் என்னைப் பழைய இடத்துக்கே விட்டாள். அன்றைக்குப் பகல் குண்டானில் சோற்றைக் கொட்டிப் பிசைந்தேன். உருண்டை பிடித்துவிட்டு, யார் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"போடுக்கா, பசி உயிர் போவுது" என்று பாத்திரம் கழுவுகிறவள் உள்ளங்கையை நீட்டினாள். பிறகு மற்றவர்களும் நீட்டினார்கள்.

காய் நறுக்குகிறவள் தட்டை நீட்டினாள். ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கு இன்னும் பயம். உருண்டையைத் தட்டில் வைத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாள். மிச்சம் வைக்கவில்லை. இன்றைக்கும் அவள் தட்டில்தான் வாங்குகிறாள்.