மணிமங்கலத்துக்கு ஒரு புத்தகம்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் தம்பி ஹேமந்துக்கு ஊர் ஞாபகம் வந்தால் தலைவலி அக்கா காஞ்சனாவுக்குத்தான். அவன் மகள் நிலா பள்ளிக்கூடத்தில் அப்பாவின் ஊரைப் பற்றிப் பேச வேண்டுமாம். சொல்வதையெல்லாம் ஏதாவது புத்தகத்தில் காட்டணும் என்பது டீச்சர் உத்தரவு. நல்ல உள்ளூர் வரலாற்றுப் புத்தகமா விசாரிச்சு அனுப்புக்கா என்று ஓயாமல் போன். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, சென்னை என்று சொல்லிவிட்டுப் போகட்டும் என்றான். அங்கேதான் காஞ்சனாவுக்குச் சுருக்கென்றது. மணிமங்கலத்தில் பிறந்தவன் மகள் எதற்குச் சென்னையைச் சொல்லணும்?

ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முழுக்க லைனில் நின்ற காலோடு, வீட்டுக்கு எதிர்த்திசையில், ஷேர் ஆட்டோவில் நசுங்கி சிங்கப்பெருமாள் கோவில் போனாள். ஸ்டேஷன் பக்கத்துப் புத்தகக் கடையில் ஊர் வரலாறு கேட்டாள். கடைக்காரர் நரசிம்மன் பயபக்தியோடு தல வரலாற்றை எடுத்து நீட்டினார். எந்தக் கிழமை விளக்கேற்றினால் கல்யாணம் கூடிவரும் என்பது வரை அதில் இருந்தது. கோயில் இல்லீங்க, ஊரு என்றாள்.

"கோயில வுட்டா ஊர்ல வேற இன்னாம்மா கீது?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

லைன் சூப்பர்வைசர் வினோதினி படிக்கிற பெண். அவள் சிபாரிசு செய்து இரவல் கொடுத்தது தலையணை கனத்தில் ஒரு சென்னை வரலாறு. கோட்டை, துறைமுகம், டிராம் வண்டி. தாம்பரத்தோடு உலகம் முடிந்துவிட்டது. அதைத் தாண்டிப் போக எழுதினவருக்கு பஸ் கிடைக்கவில்லை போலும். எரிச்சலோடு புரட்டியபோது ஓர் அடிக்குறிப்பில் மணிமங்கலம் அகப்பட்டது. பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் அங்கே சண்டை நடந்ததாம். அந்த ஒரு வரிதான்.

படம் எடுத்து அனுப்பியதும் ஹேமந்த் கூப்பிட்டான். இது போதும்க்கா, போர்க்களம்னா சும்மாவா என்று குதித்தான்.

"சண்டை முடிஞ்சு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆவுதுடா. அதுக்கப்புறம் இங்க யாருமே பொறக்கலியா? நீ பொறக்கலியா?"

அதெல்லாம் புத்தகத்துல இல்லியேக்கா என்று முனகிவிட்டு மகளிடம் போனைக் கொடுத்தான்.

"யாரு ஜெயிச்சா அத்தை?"

அதை அந்த வரி சொல்லவில்லை. "நாமதான். ஊரு இன்னும் அங்கியே இருக்குல்ல?"

நிலா ஊர்ப் பேரைச் சொல்லிப் பார்த்தாள். மனிமங்கலம் என்று வந்தது. நாக்கை மடிச்சு சொல்லும்மா, மணி, என்றாள் காஞ்சனா. மறுபடியும் மனி. இன்னொரு தரம் சொன்னாலும் மனிதான்.

"சரி, அப்படியே சொல்லு கண்ணு. சென்னைன்னு மட்டும் சொல்லிடாத."