கோணல் கதவு

பெற்ற மகள் மாடிவீட்டு அம்மாவோடு சிரித்தால் ஒரு தாய் பொறாமைப்படலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஹப்சிகுடாவில் எங்கள் மாடியில் இருக்கும் அவர், நரைத்த கொண்டையில் பென்சில் செருகியிருப்பார். மாலைதோறும் அவரும் என் எட்டு வயது மகளும் கணினி விளையாட்டில் ஒரு வறண்ட கிரகத்துக்குக் காற்றும் மழையும் உண்டாக்குவார்கள். சேர்ந்து கட்டுவதுதான் அதன் அழகு. ஒருவர் கட்டியதை இன்னொருவர் பிரித்துவிடலாம், அதுதான் குறை.

நானும் அந்த விளையாட்டை வாங்கி அவளோடு ஒருநாள் ஆடினேன். மறுநாள் கூப்பிட்டால், “நக்கோ மம்மி, வேணாம், நான் கட்டுறதெல்லாம் நீ பிரிச்சு நேராக்குற” என்றாள்.

பொறுக்காமல் மேலே போய், “அவ கோணலாக் கட்டினா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“கோணல் கதவுல குனிஞ்சு போவேன்மா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தும் எனக்கு எரிந்தது.

தவறு கண்ணில் பட்டும் கைவைக்காமல் இருப்பது எப்படி? பழகியவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.