மாமா எழுந்து வந்த நாள்

என் மகள் வரைந்திருக்கும் படக்கதைப் புத்தகத்தில், மாமா முஷ்டியை உயர்த்தியபடி அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார். வாய் அகலத் திறந்திருக்கிறது. அம்மாவின் தம்பியான அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதை மகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகம் வளர வளர எங்கள் கரை சுருங்கிக்கொண்டே வந்தது. வள்ளம் ஏற்றி நிறுத்தக் கொஞ்சம் கரையாவது விடுங்கள் என்று எங்கள் சனத்துக்காக மாமா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. மற்ற நாள்களில் அப்பாவோடு கடலில் இருப்பார். அப்பா சங்கு குளிப்பவர்; இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கடலடிக்கு மூழ்கிச் சங்கு எடுப்பார். குளிப்பவரின் கயிற்றை மேலே வள்ளத்திலிருந்து மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அக்காள் தாலியை நினைப்பவன் கண்ணை அங்கே இங்கே விடமாட்டான் அல்லவா?

ஒருவழியாக ஒருநாள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். அன்று சங்கு குளிக்கத் தோதாகத் தண்ணீர் தெளிந்து கிடந்தது. வந்த நாளை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்று, வேறொருவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு அப்பா கடலுக்குப் போய்விட்டார். அலுவலகத்தில் அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்துகொண்டிருந்த நேரத்தில் காற்று எழும்பி ஜன்னல் கதவு அடித்துக்கொண்டதாம். "அத்தான் கடல்ல கெடக்காரு. கயிறு எங் கையில இல்ல," என்று பக்கத்திலிருந்தவரிடம் மட்டும் முணுமுணுத்துவிட்டு மாமா எழுந்து வந்துவிட்டார். அதிகாரிக்கு அது திமிராகப்பட்டது. வெளியே நின்ற எங்கள் கூட்டமோ வெளிநடப்பு என்று நினைத்துக் கைதட்டியது.

மூச்சிரைக்கக் கரைக்கு ஓடிவந்தால், அப்பா வள்ளத்தில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். "என்ன மாப்ள, அதுக்குள்ள பேசி முடிச்சாச்சா?" என்றாராம்.

பிறகு யாரும் கூப்பிடவில்லை. கரையை மறித்துத் துறைமுகச் சுவர்தான் வந்தது. கைதட்டிய அதே ஆட்கள், காரியத்தைக் கெடுத்தவன் என்றும் பேசினார்கள். மாமாவோ, கூப்பிடாத அலுவலகங்களின் வாசலில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவர்மேல் கோபம் வந்ததுண்டு. அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பதைப் பார்த்தால் அந்தக் கோபம் தங்காது. இன்று அந்தக் கரையில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

நேற்று மகள் அந்தப் படத்தை என் அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தம்பியின் மூடிய கைமேல் விரலை வைத்தாள்.

"கைய நல்லாத்தான் வரைஞ்சிருக்கா. கயிறு எங்கன?"