பில்லி என்று சொல்லியிருந்தால்

கணவர் இறந்த பிறகு வேலூரிலிருந்து திருப்பதிக்கு வந்து, ஒரு தங்கும் விடுதியில் துணி மடிக்கும் வேலை பார்க்கிறேன். அலிபிரி பக்கம் ஒற்றை அறை. துணைக்கு மீனு என்ற எட்டு மாதப் பூனைக்குட்டி மட்டும்தான். தெலுங்கு எனக்கு அரைகுறை. அக்கம்பக்கத்தார் மீனுவை "பில்லி பில்ல" என்று கொஞ்சுவார்கள். "பில்ல" என்றால் பூனை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மீனு உடம்பு கொதிக்கப் படுத்துவிட்டாள். மருந்துக் கடைக்கு ஓடி, "பில்லக்கு ஜ்வரம்" என்றேன். கடைக்காரர், "என்னி நெலலு?" என்று எத்தனை மாதம் எனக் கேட்டார். எட்டு விரலைக் காட்டினேன். சொட்டு மருந்து தந்தார். வீட்டுக்கு வந்ததும் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மீனுவுக்கு முகம் வீங்கி மூச்சு வாங்கியது. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த தமிழ்க்கார உதவியாளர் பாட்டிலைப் பார்த்து, கடையில் நான் சொன்னதையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா, கொழந்தைங்க ஜொர மருந்தைக் குடுத்துக்கீறியே! பூனைக்கு இது வெசம்மா. பில்லின்னாதான் பூனை. பில்லன்னா கொழந்தை."

மாலைக்குள் மீனு போய்விட்டாள்.

இப்போதெல்லாம் சொல் சந்தேகமாக இருந்தால் கைப்பேசியில் படத்தைக் காட்டித்தான் கேட்கிறேன். பூனை வளர்ப்பவர்களே, நம் மருந்தில் ஒரு சொட்டுகூட அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் நான் இன்னும் திருத்தவில்லை. அந்தக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பில்ல பாகுந்தா அம்மா?" என்று குழந்தையை நலம் விசாரிக்கிறார். இந்த ஊரில் என் வீட்டைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். "பாகுந்தி, நன்றாக இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.