புஸ்ஸுவின் காது

புளித்த மாவு வாசனை... அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் நாய் புஸ்ஸுவின் காதிலிருந்து வந்த வாசனை.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் மூக்கை நம்ப முடியாது. அப்பாவின் சட்டையில் கந்தகம், அம்மாவின் சேலையில் பட்டாசுத் திரி மருந்து. அதற்கு நடுவே ஒரு நாயின் காது நாறுவது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சும்மா இருந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். புஸ்ஸு, சிவகாசியில் ஏதோ பங்களா நாய் போட்ட குட்டி. தொங்கும் காது, தரையைத் தொடும் முடி. குரைக்கப் போவதுபோல் மூச்சை இழுத்துவிட்டு, கடைசியில் புஸ் என்று அடங்கிவிடும். நமத்துப்போன புஸ்வாணம் மாதிரி. அப்படி வந்த பெயர்.

அதற்கு ஒரு வேலை உண்டு. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் ஊர் முக்கு திரும்பும்போது ஹாரன் அடிக்கும். எங்கள் யார் காதிலும் விழுவதற்கு முன்பே புஸ்ஸு ஓடிப் போய் நிற்கும். அப்பா இறங்கியதும் அவருடைய தூக்குவாளியை முகர்ந்துகொண்டே வீடு வரை வரும்.

வீட்டுக்குள் நுழையும் முன் அப்பாவும் அம்மாவும் கொல்லைக் குழாயடியில் தேய்த்துக் குளித்துவிடுவார்கள். நகத்திடுக்கில் ஒட்டிய அலுமினியப் பொடி வரை போக வேண்டும். உடம்பு சுத்தம் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழாயடியில், அந்த ஈரத்தில் படுத்துக் கிடந்த நாயின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை.

புஸ்ஸுவுக்கு முடி சீவிவிட வேண்டும் என்று ஒருமுறை சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"சீசன் முடியட்டும்டி. என் தலைக்கு எண்ண வச்சே ஒரு மாசமாச்சு. இதுல நாயிக்குத் தலை சீவி விடணுமாக்கும்?"

எங்கள் ஊரில் எல்லாமே சீசன் முடிந்துதான். பல்வலி, கல்யாணப் பேச்சு, ஒழுகுகிற ஓடு... தீபாவளி லோடு போய் முடியும்வரை எல்லாம் காத்திருக்க வேண்டும். புஸ்ஸுவின் முடியும் காத்திருந்தது. காதோரம் சிக்குப் பிடித்துச் சாக்குத் துண்டு மாதிரி ஆனது.

புரட்டாசியில் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தலையை உதறியது. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். காதருகே கை கொண்டுபோனால் நடுங்கியது.

"கம்பெனியில சாம்பிள் வெடி போட்டுப் பாக்குறாங்கள்ல... பயந்து கெடக்கு," என்றார் அப்பா.

எதிர்வீட்டுச் செல்வி அக்கா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துக் கேட்டாள். "ஏலே புஸ்ஸு, பட்டாசுக்காரன் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு வெடிக்குப் பயப்படுறியே, வெக்கமா இல்ல?"

எல்லோரும் சிரித்தோம். குட்டியிலிருந்தே சாம்பிள் வெடிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த நாய் அது. திடீரென்று இந்த வருஷம் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்? ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் நாய் நடுங்கினால் அதற்கு ஒரே காரணம்தான். வெடி. அதற்குமேல் யோசிக்க மாட்டோம்.

தினமும் காலையில் அரை மணி நேரம் சீப்பும் கையுமாக இரட்டைச் சடை பின்னியவள் நான். அந்தச் சீப்பு என் கையில்தான் இருந்தது.

தீபாவளி முடிந்த மறுநாள் புஸ்ஸு எழுந்திருக்கவே இல்லை. அப்பா சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டார். பஸ் ஏறிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கத்தரியால் சிக்கை வெட்டிக் காதைத் தூக்கினார். உள்ளே உண்ணி... திராட்சைக் கொத்து மாதிரி. அதற்கும் உள்ளே சீழ்.

"இந்தக் காதத் தூக்கிப் பாத்து எம்புட்டு நாளாச்சு?"

"வெடிக்குப் பயந்து கெடக்குன்னு நெனச்சோம்மா," என்றார் அப்பா.

"வெடிக்குப் பயந்தா காதுல உண்ணி முளைக்குமா? வாரம் ஒருக்கா சீப்பு போட்டு, காத மடிச்சுப் பாத்திருந்தா மொத உண்ணியோட போயிருக்கும்ல?"

அப்பா சாக்கை மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்குள் புண் ஆறியது. சோறும் தின்றது. ஒருநாள் வேன் ஹாரன் அடித்தது... புஸ்ஸு வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அப்பா பக்கத்தில் வந்து நின்று, "புஸ்ஸு... ஏலே..." என்றார். அசையவில்லை. அவர் நிழல் மேலே விழுந்த பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தது.

காது போயிருந்தது. இரண்டும்.

அடுத்த தீபாவளிக்குத் தெருவில் பெரிய சரவெடி கொளுத்தினார்கள். பத்தடி தள்ளிப் புஸ்ஸு நிம்மதியாகத் தூங்கியது. செல்வி அக்கா கை தட்டினாள். "பாத்தீகளா! இப்பத்தான் நம்ம ஊரு நாயி. எம்புட்டுத் தைரியம்!"

தெருவே சிரித்தது. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். வலித்தபோது பயம் என்றார்கள். செவிடானபோது தைரியம் என்கிறார்கள் என்று கத்தத் தோன்றியது.

புஸ்ஸு போய்ப் பல வருஷம் ஆகிறது. போன வாரம் விருதுநகரில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் ஆபீஸின் வாட்ஸப் குரூப்பில் அந்தக் கடையின் போட்டோவைப் போட்டு, "நாய்க்குப் பியூட்டி பார்லராம்" என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மூன்று முறை டைப் செய்து அழித்தேன். அழகு இல்லை ஐயா, அது காது. அது தோல். வாய் இல்லாத ஒன்றுக்கு வலிக்கிறதா என்று கையால் கேட்பது. அதற்குக் கடைகூட வேண்டாம், ஒரு சீப்பு போதும். அது இல்லாத வீடு எது?

இப்போது எங்களிடம் இருப்பது சாதாரணத் தெருநாய். குட்டை முடி. சிக்கு விழ வழியே இல்லை. இருந்தாலும் ஞாயிறு தவறாமல் சீப்பு போடுகிறேன். மற்ற நாளில் காதை மட்டும் மடித்து முகர்ந்து பார்ப்பேன். சீசன் என்று அம்மாவும் இப்போது சொல்வதில்லை.

நேற்றும் அப்படித்தான் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நாய் என் கையை உதறிவிட்டு ஊர் முக்கை நோக்கி ஓடியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஹாரன் சத்தம் வந்தது.